இடப்பக்கம் பார்க்கும் பெண்ணும் ஷரஃபுதீன் பாயும்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் மன்றத் தலைவர் கல்யாணராமன் அவர்களே, பாயின் மகள் வஜீஹா, மகன் உபைத் உள்ளிட்ட குடும்பத்தாரே, ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டுப் பாண்டி பஜாரிலிருந்து வந்திருக்கும் கடைக்காரப் பெருமக்களே, சாந்தோமிலிருந்து வந்திருக்கும் சோஃபியா அம்மையாரே, மயிலாப்பூரின் இந்தச் சின்ன அரங்கத்தில் இடம் போதாமல் வாசலில் நிற்கும் அன்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் இக்னேஷியஸ். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். பழைய ரூபாய் நோட்டுச் சேகரிப்போர் மன்றத்தின் செயலாளர். எழுதிக்கொண்டு வந்ததைத்தான் படிக்கப்போகிறேன். எழுதாமல் பேச எனக்கு வராது. இதே இடத்தில், கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல் நின்று, இந்த அரங்கத்தையே சிரிக்க வைத்தவர் ஷரஃபுதீன் பாய். அவருக்கு இரங்கல் சொல்ல நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தாளைத் தேடுகிறேன். அந்தக் கண்ணாடியும் அவர் தம் பாண்டி பஜார் கண்ணாடிக் கடையில் போட்டுக் கொடுத்ததுதான்.

"நீர்தான் பேசணும் ஓய். உமக்குத்தான் அவரை நன்னாத் தெரியும்" என்றார் தலைவர். உண்மைதான். ஒரு மனிதரை மிக நுணுக்கமாகக் கவனிப்பவர் யார்? நண்பரா? உறவினரா? இல்லை. அவர்மீது பொறாமை கொண்டவன்! நான் பாயை அப்படித்தான் கவனித்தேன். அவர் சிரித்ததைக் கவனித்தேன். அவரைச் சுற்றி யார் யார் உட்காருகிறார்கள் என்று கவனித்தேன். நான் பேசும்போது கைக்கடிகாரம் பார்த்தவர்கள் அவர் பேசும்போது பார்க்கவில்லை என்பதையும் கவனித்தேன். இறந்தவரைப் போற்றும் கூட்டத்தில் இதைச் சொல்லலாமா? சொல்லக்கூடாது என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அந்த உரையில் இருந்தவர் பாய் இல்லை; எந்தக் கூட்டத்திலும் புகழப்படும் யாரோ ஒருவர். அதைக் கிழித்துவிட்டேன். என் பாராட்டு பொறாமையின் வழியாகத்தான் வருகிறது. அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இங்கே எனக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. எங்கள் மன்றம் வெளியிடும் விளக்கப் பட்டியல் நாளை அச்சுக்குப் போகிறது. அதில் ஒரு நோட்டின் படத்துக்குக் கீழே, 'கண்டறிந்தவர்' என்ற சொல்லுக்கு எதிரே, இன்னும் ஒரு பெயர் முடிவாகவில்லை. என் பெயரைப் போடும்படி பாய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். யார் பெயர் என்பதை இந்தக் கூட்டத்தில் சொல்வதாகத் தலைவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் பைத்தியம் என்ன என்பது உறவினர்கள் பலருக்குத் தெரியாது. சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய நோட்டுகளில் ஒரு முகமோ, ஒரு யானையோ, ஒரு கோபுரமோ இருக்கிறதல்லவா? அதை எஃகுத் தகட்டில் யாரோ ஒருவர், மயிரிழை போன்ற கோடுகளாக, கையாலேயே கீறினார். நோட்டில் அதிகாரியின் கையெழுத்து இருக்கும். அரசின் பெயர் இருக்கும். கீறியவர் பெயர் எங்கே? இருக்காது! ஊரெல்லாம் தடவிப் பார்த்த ஓவியத்துக்கு ஓவியர் இல்லை! அந்தப் பெயரில்லாத மனிதர்களைத் தேடுவதுதான் எங்கள் வேலை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தகட்டில் இருப்பது அச்சில் இடம் வலமாக மாறி விழும். தகட்டில் வலப்பக்கம் பார்க்கிற முகம் தாளில் இடப்பக்கம் பார்க்கும். ரப்பர் முத்திரை வைத்திருப்பவர்களுக்கு இது புரியும்.

எனக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு நோட்டுக்கும் ஓர் அட்டை. இடப்பக்கம் பார்க்கும் முகங்கள் ஒரு பெட்டி. வலப்பக்கம் பார்ப்பவை ஒரு பெட்டி. நேராகப் பார்ப்பவை இன்னொன்று. பாயின் முறை என்ன? ஒரு பிஸ்கட் டப்பா! முகம், யானை, கோபுரம், உடைந்த மூக்குக்கண்ணாடிக் காம்பு, எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்கு மயக்கமே வந்துவிட்டது.

"என்ன பாய் இது, இப்படிப் போட்டு வச்சிருக்கீங்க?"

"அதுங்களுக்குக் கூட்டம் பழக்கம் வாத்தியாரே. பாக்கெட்டுலயும் முந்தானையிலயும் வளந்ததுங்க. தனியா வச்சா பயந்துக்கும்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, அதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று யோசித்தேன். இன்றுவரை தோன்றவில்லை.

வடக்கே நோட்டு அச்சகத்தில் செதுக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் கோடம்பாக்கத்தில் இருந்தார். அவருக்கு நான் முறையாகக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. நேரில் போனேன். வாசலோடு அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் பாய் போனார். பெரியவர் கண்ணாடியின் தளர்ந்த காலைத் திருகி இறுக்கிக் கொடுத்து, அங்கேயே சாப்பிட்டு, அவருடைய இளமைக் காலம் முழுவதையும் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தார்! எனக்குத் தாங்கவில்லை.

"நீ இன்னா கேட்ட அவர?" என்றார் பாய்.

"எந்த ஆண்டுமுதல் எந்த ஆண்டுவரை பணியில் இருந்தீர்கள் என்று கேட்டேன்."

"போலீஸ்காரன்கூட உக்கார வச்சிட்டுத்தான்யா அப்டி கேப்பான்!"

நண்பர்களே, அந்தப் பெரியவரிடமிருந்து கிடைத்த செய்திகளைத் தொகுத்துக் கட்டுரையாக்கியவன் நான். மன்றம் பாய்க்குச் 'செதுக்கோவியச் செம்மல்' என்று பட்டம் வழங்கியது. அந்தப் பட்டத்துக்கான பாராட்டு மடலை எழுதியவன் யார்? நானேதான்! செயலாளர் அல்லவா? 'செம்மல்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தவனும் நான். மடலைச் சட்டம் போட்டு, மேடைக்கு எடுத்து வந்து, தலைவர் கையில் கொடுத்து, தலைவர் அதைப் பாயின் கையில் கொடுக்க, கீழே நின்று கைதட்டினேன். அன்று எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவன் நான்தான் என்று உபைத் சொல்வான். பலமாகத் தட்டாவிட்டால் தெரிந்துவிடுமே!

இனி அந்த நோட்டுக்கு வருகிறேன்.

அது செலவழிக்கிற நோட்டு அல்ல. அந்தக் காலத்தில் வெளிநாட்டு அச்சகம் ஒன்று, எங்களிடம் எவ்வளவு அழகாக வேலை செய்வார்கள் பாருங்கள் என்று அரசுகளுக்குக் காட்டுவதற்காக அச்சடித்த மாதிரி நோட்டு. அதில் ஓர் இளம்பெண். தலையில் முக்காடு, மூக்கில் வளையம், இமைகள் தாழ்ந்திருக்கும், முகம் இடப்பக்கம் திரும்பியிருக்கும். அவளைச் செதுக்கியது யார்? அந்த அச்சகத்தில் செதுக்கு வேலை பார்த்த ஆல்டன் பிரைஸ் என்ற ஆங்கிலேயர் என்பது என் முடிவு. நிழல் விழும் விதம், கோடுகளின் இடைவெளி எல்லாவற்றையும் அளந்து, எங்கள் இதழில் எழுதினேன். யாரும் மறுக்கவில்லை. பாய் மட்டும் பூதக்கண்ணாடி இல்லாமல், கையை நீட்டித் தூரத்தில் வைத்து அதைப் பார்த்தார்.

"எழுதனது நல்லாத்தான் கீது. ஆனா இந்தப் பொண்ணு வெள்ளக்காரன் பாத்த பொண்ணு இல்ல வாத்தியாரே. பக்கத்துல உக்காந்து சோறு தின்னவன் பாத்த மூஞ்சி."

"அதுக்கு ஆதாரம் என்ன பாய்?"

"நீ கோட்டப் பாக்கற. நான் மூஞ்சப் பாக்கறேன். வேற இன்னா சொல்றது?"

ஆதாரம் இல்லாத பேச்சு என்று விட்டுவிட்டேன்.

சென்ற ஆண்டு ஒருநாள் சோஃபியா அம்மையார் படிக்கிற கண்ணாடி மாற்றுவதற்காகப் பாயின் கடைக்குப் போனார்கள். புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பவர்கள் எதையாவது படித்துப் பார்ப்பது வழக்கம். அம்மையார் தம் ஜெபப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார்கள். எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஜெபப் புத்தகத்துக்குள் சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். யாராவது குருவானால், கன்னியரானால், முதன்முறை நற்கருணையான புதுநன்மை வாங்கினால், நினைவாகக் கொடுப்பார்கள். அதில் ஒன்று நழுவிக் கண்ணாடி மேசைமேல் விழுந்தது. மாதாவின் படம். தலையில் முக்காடு. தாழ்ந்த இமைகள். முகம் வலப்பக்கம்.

பாய் அதைக் கையில் எடுத்து, "இது யாரும்மா போட்டது?" என்று கேட்டார்.

"எங்க பெரிய தாத்தா பாய். மர்சலின்னு பேரு. தகட்டுல கீறறதுதான் அவருக்கு வேலை. அவரோட தங்கச்சி மடத்துல கன்னியரா வார்த்தைப்பாடு குடுத்தப்போ, கோயில்ல எல்லாருக்கும் குடுக்கறதுக்காகச் செஞ்சாரு. அப்பறம் கப்பல் ஏறிட்டாரு. வெளிநாட்டுல ஏதோ அச்சாபீஸ்ல வேலைன்னு சொல்வாங்க."

உடனே எனக்குத் தொலைபேசி வந்தது. "வாத்தியாரே, சட்டையப் போட்டுக்கினு கெளம்பு. உன் ஆளுங்க சமாச்சாரம்."

மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெரு நெரிசலைத் தாண்டி, பாயின் கடைக்கு நடந்து போய்ச் சேர்ந்தேன். பாய் எனக்கு எதையும் விளக்கவில்லை. கடைகளில் வாடிக்கையாளர் முகம் பார்ப்பதற்கு ஒரு சின்ன நிலைக்கண்ணாடி இருக்குமே, அதன்முன் மாதாவின் படத்தைப் பிடித்தார். பக்கத்தில் மாதிரி நோட்டை வைத்தார்.

கண்ணாடிக்குள் மாதா இடப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மூக்கு வளையம் ஒன்றுதான் குறை. அதே பெண்!

என்ன நடந்திருக்கிறது? மர்சலின் வெளிநாட்டில், தம் பழைய படத்தைப் பார்த்தே புதுத் தகட்டில் கீறியிருக்கிறார். திருப்பி வரைந்துகொள்ளவில்லை; பார்த்தபடியே கீறினார். அதனால் அச்சில் முகம் மாறி விழுந்தது. செதுக்குகிறவர்களுக்குச் சாதாரணமான விஷயம். அதைத் தேடுகிறவனுக்கும் சாதாரணமாகத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் இடம் பார்க்கும் முகத்தை ஒரு பெட்டியிலும் வலம் பார்க்கும் முகத்தை இன்னொரு பெட்டியிலும் போட்டுப் பூட்டியவனுக்கு, இந்த இரண்டு பெண்களும் ஒருத்திதான் என்று எப்போது தெரியும்? என் முறை சுத்தமான முறை. அந்தச் சுத்தம்தான் குறுக்கே நின்றது.

இதுகூடப் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து என் அம்மாவின் ஜெபப் புத்தகத்தைத் திறந்தேன். அதே மாதா படம் அங்கே இருந்தது! எங்கள் கோயிலில் கொடுத்த படம்; அந்தக் கோயில் பங்கைச் சேர்ந்த செதுக்குநர்; நான் பூசைக்குப் போகிற வழியில் இருக்கிற வீடு. உலகத்தில் எத்தனையோ மனிதர்கள் இருக்க, அந்தப் படம் நடந்து போய் விழுந்த மேசை யாருடையது? ஷரஃபுதீன் பாயுடையது! ஆண்டவரே, அவருக்குத்தானா அது விழ வேண்டும் என்று நான் கேட்டேன். உரக்கவே கேட்டேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருகிட்ட சண்டை?" என்றாள்.

மறுநாள் பாயிடம் சொன்னேன். சிரித்துத் தள்ளுவார் என்று எதிர்பார்த்தேன்; அதற்குத் தயாராகவும் போயிருந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்கம்மா வச்சிருந்ததா? அப்போ மடிப்பு கிடிப்பு இல்லாம சுத்தமா கீது இல்ல? சோஃபியாம்மாவோடது மூக்கு மேலயே மடிஞ்சிக்கீது. உன்னோடத எடுத்துனு வா வாத்தியாரே, அதான் நமக்கு வேணும்."

நமக்கு என்றார்!

அதன்பின் அவர் என்னிடம் மாதா படத்தையும் மாதிரி நோட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்தார். நான் ஒப்பிட்டேன். உண்மையைச் சொல்கிறேன்: அவர் தவறு என்று நிரூபிக்கத்தான் ஒப்பிட்டேன். வேறு யாராவது அந்தப் படத்தைப் பார்த்து நகலெடுத்திருக்கலாம் அல்லவா? பிரைஸே எடுத்திருக்கலாம் அல்லவா? கன்னத்துக் கோடுகள், உதட்டின் கீழ் நிழல், கோடு முடியும் இடத்தில் வைக்கிற சின்னப் புள்ளிகள் எல்லாவற்றையும் ஒரு குற்றவாளியைத் தேடுவது போலத் தேடினேன். பொறாமையைப் போலக் கூர்மையான பூதக்கண்ணாடி கிடையாது. அதை வைத்துப் பார்த்தும் எனக்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை. கை ஒரே கைதான். ஆனாலும் நகல் என்ற ஐயத்தை நான் விடவில்லை.

"சரி வா, வீட்டுக்கே போவோம்" என்றார் பாய்.

சோஃபியா அம்மையார் வீட்டுக் கூடத்தில், திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில், சட்டம் போட்டு ஒரு பெண் இருந்தாள். முக்காடு, மூக்கு வளையம், இடப்பக்கம் பார்க்கும் முகம். நோட்டின் எழுத்து இல்லை, ஓரத்துப் பூவேலை இல்லை, முகம் மட்டும். தகட்டில் வேலை எப்படி வந்திருக்கிறது என்று செதுக்குகிறவர் தமக்காக எடுத்துப் பார்க்கிற முதல் பிரதி அது. அது அவர் கையில்தான் இருக்கும்; மர்சலினே அனுப்பாமல் இந்த வீட்டுக்கு வந்திருக்க வழியில்லை. என் ஐயத்துக்கு முடிவு வந்தது.

"இவங்க யாரும்மா?" என்று பாய் கேட்டார்.

"எங்க கொள்ளுப்பாட்டி பாய். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏத்துவோம்."

"உங்க பாட்டி இல்லம்மா. இது ரூவா நோட்டு."

"ஐயோ மாதாவே! இத்தினி வருஷமா நோட்டுக்கா மெழுகுவத்தி ஏத்தினோம்?"

"இருக்கட்டும்மா. ஊர்ல எல்லாரும் அதத்தான் கும்புடறான். நீங்க மெழுகுவத்தியோட கும்புட்டீங்க."

அம்மையார் இப்போது சிரிக்கிறார்கள். அன்றும் இப்படித்தான் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நான் அங்கே நின்று, அந்தப் பிரதியின் நீள அகலத்தை அளந்துகொண்டிருந்தேன்.

பாய் இதை எழுதவில்லை. எழுத்து அவருக்குப் பிடிக்காது. அதற்குள் நோய் வந்துவிட்டது. அடையாற்றில் மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்ததும், "இன்னா வாத்தியாரே, படுத்துக்கினு கீறது நானா நீயா?" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் சிரித்தார். அங்கேயும் அவருக்கு ஒரு சபை!

பிறகு சொன்னார்: "அந்தப் பொண்ணு சமாச்சாரத்த எழுதிடு. நீ கண்டுபுடிச்சன்னு போட்டுக்கோ."

"நான் கண்டுபிடிக்கலையே பாய்."

"படம் உங்கம்மாது. ஆளு உன் கோயிலு. கோடெல்லாம் பாத்தவன் நீ. நான் இன்னா பண்ணேன்? கண்ணாடி வித்தேன். அவ்ளோதான்."

நண்பர்களே, நான் அன்று அவரிடம் நன்றி சொல்லவில்லை. கோபமாக வந்தது. இவ்வளவு காலமும் நான் எதற்காக ஏங்கினேனோ, அதை வெற்றிலை மடித்துக் கொடுப்பது போலக் கொடுக்கிறாரே! எனக்கு அது எவ்வளவு பெரியது என்று தெரிந்தும் கொடுத்தாரா, தெரியாமலா? தெரிந்துதான் கொடுத்தார் என்று நினைக்கிறேன். கடைசிவரை என் முகத்தையும் அவர் தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அடக்கம் முடிந்த பிறகு வஜீஹா என்னிடம் வந்து, "அங்கிள், அத்தா எங்ககிட்டயும் சொல்லிட்டாங்க. உங்க பேரைத்தான் போடணும். எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்றாள். நான் அச்சகத்துக்குச் சொன்னேன். திருத்துவதற்கான அச்சுப்படி வந்தது. 'கண்டறிந்தவர்: இக்னேஷியஸ்' என்று இருந்தது. அதைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, ஐயா! இப்போது கேட்கிற உங்களுக்கு மறைப்பானேன்? என் மனைவியிடம்கூடக் காட்டினேன். அவள் பார்த்தாள். "பாய் தங்கமானவர்" என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு விளங்கிவிட்டது. அந்த இடத்தில் என் பெயரைப் போட்டாலும், தெரிந்தவர் ஒவ்வொருவரும் அதைப் படிக்கும்போது நினைக்கப்போவது யாரை? கொடுத்தவரை! என் பெயருக்குள்ளும் அவர்தான் பெரியவராக உட்கார்ந்திருப்பார்! அவரிடம் தோற்பது எனக்குப் பழக்கம். ஆனால் அவர் தயவில் ஜெயிப்பது என்னால் முடியாது. இதை நேர்மை என்று யாரும் பாராட்ட வேண்டாம். இது அதே பழைய பொறாமைதான். இந்த ஒரு முறை அது என்னைச் சரியான இடத்தில் கொண்டு வந்து விட்டிருக்கிறது.

எனவே, தலைவர் அவர்களே, பட்டியலில் அந்தப் பதிவு எப்படி வரப்போகிறது என்பதைப் படிக்கிறேன்.

மாதிரி நோட்டு, முக்காடிட்ட பெண். செதுக்கியவர்: சாந்தோம் மர்சலின். கண்டறிந்தவர்: செதுக்கோவியச் செம்மல் ஷரஃபுதீன். சரிபார்த்தவர்: இக்னேஷியஸ்.

கடைசி வரி தேவையா என்று தலைவர் என்னைக் கேட்பார். எங்கள் பட்டியலில் வேறெந்தப் பதிவிலும் அப்படி ஒரு வரி கிடையாது. தேவை. அதை எடுக்க மாட்டேன். அவர் பெயர் அச்சாகிற பக்கத்தில், அதை ஒட்டினாற்போல், என் பெயரும் இருக்க வேண்டும்.

பாயின் பணியை இந்த மன்றம் தொடரும் என்று இங்கே உறுதி கூற வேண்டியது என் கடமை. கூறுகிறேன். முக்காடிட்ட அந்தப் பெண் யார், மர்சலினின் தங்கையா, வேறு யாராவதா என்பது இன்னும் தெரியவில்லை. தங்கைதான் என்பது பாயின் கட்சி. இல்லை என்பது என் கட்சி. அதை நான் தேடுவேன். வீடு வீடாகப் போவேன். கேள்வி கேட்பதற்கு முன்னால் உட்காரவும் பழகிக்கொள்வேன். அடுத்த பதிப்பில் 'கண்டறிந்தவர்' என்ற சொல்லுக்கு எதிரே, யாரும் கொடுக்காமல், என் பெயர் ஒரு முறையாவது வந்தே தீர வேண்டும் என்று உங்கள் முன்னால் சபதம் செய்கிறேன்!

அன்றைக்கு, 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் நான் யார் பெயரைப் போடுவேன், பாய்?